உன்னிச்செடி தின்ன மாடு: உங்க பக்கம் எப்படிங்க?

சத்தியமங்கலத்திலிருந்து:

எங்க பக்கம் காட்டோரம் பூரா உன்னிச்செடிதானுங்க. வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டாந்து வெச்சது, இன்னைக்குப் புல்லு முளைக்க இடமில்லாமப் பண்ணிருச்சு. இங்கயே பொறந்த மாடு மோந்து பார்த்துட்டு நகர்ந்துரும். வெளியூர்ச் சந்தையில புடிச்சாந்த மாடுதான், கோடையில வயிறு காஞ்சு கெடக்கறப்ப வாய் வெச்சுரும்.

பக்கத்துத் தோட்டத்து மாமா வாங்கியாந்த கறுப்பு வெள்ளைக் கலப்பின மாடு அப்படித்தான் மேஞ்சிருச்சு. தீனி எடுக்கல, அசைபோடல. சாணி கட்டி கட்டியா, மூத்திரம் மஞ்சளா. அதோட வெயில்ல வேற கட்டியிருந்தாங்க. வெள்ளை இருந்த இடமெல்லாம் தோல் வெடிச்சுப் பாளம் பாளமா உரிஞ்சுது, கறுப்புல ஒரு கீறல் இல்ல! ஈரல் கெட்டதால தழையோட பச்சையம் சிதைஞ்சு வர்ற பொருள் பித்தத்துல வெளியேறாம ரத்தத்துலயே நிக்குது, வெயில் பட்டதும் தோலை வேக வைக்குதுன்னார் டாக்டர். வயித்துல தழை கெடக்கற வரைக்கும் விஷம் ஏறிக்கிட்டேதான் இருக்குமாம். விஷத்தை உறிஞ்சற மருந்துக்கரியை (ஆக்டிவேட்டட் சார்கோல்) கரைச்சு ஊத்தி, குளுக்கோஸ் ஏத்தி, இருட்டுக் கொட்டாய்ல கட்டச் சொன்னார். (அடுப்புக்கரி அதுக்கு ஆகாதுங்க.) மாடு பொழைச்சிருச்சு, பால்தான் பழைய அளவுக்கு வரல.

பல்லடத்திலிருந்து:

அண்ணா, உன்னியாச்சும் டாக்டரைக் கூப்பிட நேரம் குடுக்குது. எங்களுக்குக் களையை விட விதைச்ச சோளந்தான் பயம். மழையில்லாம வாடி நின்ன இளம்பயிர், அறுத்த கட்டையில துளிர்த்த மறுதாம்பு, ரெண்டுலயும் சயனைடு ஏறியிருக்கும். சித்தப்பா வீட்டு எருமை கயித்தை அத்துக்கிட்டுப் போய் மேஞ்சுது. வரப்புத் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கி விழுந்திருச்சு. சயனைடை முறிக்கற தயோசல்பேட் ஊசி உடனே போட்டாத்தான் உண்டு. பூ எடுக்கற வரைக்கும் நாங்க மாட்டை அந்தப் பக்கமே ஓட்டறதில்லைங்க. அறுத்து நல்லாக் காயவெச்சுப் போட்டா விஷம் குறைஞ்சிரும்.

மன்னார்குடியிலிருந்து:

இங்க வாய்க்கால் கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. ஆடு முதல்ல தொடாது. பஞ்சத்துல பழகிட்டா வேற தழை போட்டாலும் அதையே தேடிப் போகும். நாள்பட்டா தலை ஆடும், பின்னங்கால் தள்ளாடும். நாங்க கரையை வெட்டிச் சுத்தம் பண்ணிட்டோம். வெட்டின தண்டைக் கரையிலயே போட்டுடாதீங்க, ஈரம் பட்டா மறுபடி வேர் விட்டுடும்.