லண்டனில் ஜூரி அழைப்பு வந்த தங்கைக்காக ஓர் உதவி

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். லண்டனில் வாழும் என் தங்கைக்கு, ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக, அமர வேண்டுமென்று நீதிமன்றக் கடிதம் வந்திருக்கிறது. 'கோட்டுக் கடிதம்' என்று தொலைபேசியில் கேட்ட அம்மா, அவள்மீதுதான் வழக்கென்று பதறி, கையிலிருந்த சுளகை அப்படியே வைத்துவிட்டு வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். இலங்கை மேல் நீதிமன்றத்திலும் 7 பேர் கொண்ட ஜூரி முறை சட்டத்தில் உண்டு என்றாலும், எங்கள் அயலில் எவரும் அதற்குப் போனதை நான் கண்டதில்லை.

கனடாவிலுள்ள மச்சானின் ஜூரி அனுபவம் இங்கிலாந்துக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அங்கே குற்ற வழக்கில் 12 பேரும் ஒருமித்தாக வேண்டும், இங்கிலாந்திலோ நீதிபதி அனுமதித்தால் 10 பேர் உடன்பட்டாலே போதும்.

எங்கள் சிக்கல் வேறு. வழமையாக 10 வேலை நாட்கள் நீளும் அந்தக் கடமை, அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு அவள் ஊருக்கு வரவிருக்கும் நாட்களோடு மோதுகிறது. தகுந்த காரணம் காட்டினால் ஒருமுறை, 12 மாதங்களுக்குள், பிற்போடலாம். காரணமின்றிப் போகாவிட்டால் 1,000 பவுண் வரை தண்டம்.

இவ்வாறு பிற்போட்டவர்கள் எவரேனும் இருந்தால், விமானச் சீட்டின் பிரதி மட்டும் போதுமா, கிராம சேவகரின் கடிதத்தையும் பெற்று அனுப்ப வேண்டுமா என்று அறியத் தாருங்கள். பதிலளிக்கத் தந்த 7 நாட்களில் 3 நாட்கள் போய்விட்டன.