வெரிகோஸ் வெயின்: சுருள்சிரையா, புடைசிரையா?

அனைவருக்கும் வணக்கம்.

காலில் சிரைகள் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்கள்) புடைத்து நெளியும் 'வெரிகோஸ் வெயின்' நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு 'சுருள்சிரை' என்ற சொல்லுக்குப் பலர் ஆதரவு தெரிவித்திருக்கிறீர்கள். எனக்குப் 'புடைசிரை'தான் பொருத்தமாகப் படுகிறது.

பேச்சில் உள்ள 'நரம்புச் சுருட்டல்' வேண்டாம். இது இரத்தக்குழாய்க் கோளாறு. நரம்பு என்று எழுதினால் நோயாளி நரம்பியல் மருத்துவரிடம் போய் நிற்பார்.

சரி, உள்ளே நடப்பதைப் பார்ப்போம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, சிரை இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறியது இறங்கிவிடாமல் சிரைக்குள் இருக்கும் தடுக்கிதழ்கள் (வால்வுகள்) மறிக்கின்றன. அசையாமல் நிற்பவரின் பாதச் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நடந்தால் ஏறக்குறைய 30க்கு இறங்கிவிடும். இதழ்கள் சரியாக மூடாதவருக்கு அப்படி இறங்குவதில்லை. தோலடிச் சிரை விரிகிறது. விரிய விரிய இதழ்கள் இன்னும் விலகுகின்றன. குழாய் நீளவும் செய்வதால், இடம் போதாமல் நெளிகிறது. ஆக, சுருளுவது விளைவின் விளைவு. மருத்துவ வகைப்பாடும் நின்ற நிலையில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்த சிரை என்றுதான் வரையறுக்கிறது. நெளியாமல் நேராகப் புடைத்ததும் இதில் சேரும்.

'இதழ்' என்பதைப் பெயரிலேயே சேர்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. முதலில் தளர்வது இதழா, சிரையின் சுவரா என்பதே இன்னும் முடியாத விவாதம். பரம்பரை, வயது, கர்ப்பம், உடற்பருமன், நெடுநேரம் நின்றே செய்யும் வேலை, ஆழ்சிரையில் முன்பு கட்டிய இரத்த உறைவு எனக் காரணங்கள் பல. கர்ப்பத்தை மட்டும் எடுத்தாலே இரத்த அளவு கூடுகிறது, ஹார்மோன் சுவரைத் தளர்த்துகிறது, கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. இதில் எந்த ஒன்றைப் பெயரில் ஏற்றுவது?

அப்புறம், கல்லீரல் இறுகியவர்களுக்கு உணவுக்குழாயிலும் சிரைகள் புடைக்கின்றன. அங்கே காரணமே வேறு. 'உணவுக்குழாய்ப் புடைசிரை' என்றால் அதற்கும் அப்படியே பொருந்தும். நோயின் பெயரிலேயே 'கால்' என்பதைச் சேர்த்துவிட்டால் இந்த வழி அடைபடும்.

'புடைசிரை' வினைத்தொகை, புடைத்த, புடைக்கின்ற, புடைக்கும் சிரை. நாள்பட வளரும் நோய்க்கு மூன்று காலமும் தேவை. நடுவில் 'ச்' போடாமல் எழுத வேண்டும்.

இரத்தம் திரும்பி இறங்கும் 'ரிஃப்ளக்ஸ்' இன்னும் பாக்கி. 'பின்னொழுக்கு' என்று முன்மொழிகிறேன். 'ஒழுக்கு' என்றால் கூரைக் கசிவு நினைவுக்கு வருகிறது என்பவர்கள் 'பின்னோட்டம்' பற்றி என்ன நினைக்கிறீர்கள்?