கோதுமை வாழைப்பழ மஃபின் அடியில் களியாகிறது, உதவுங்கள்

மதுரை மலர்:
வணக்கம். மகள் பள்ளிக்கு எடுத்துப்போக மைதா, வெள்ளைச் சர்க்கரை இல்லாமல் மஃபின் செய்து பார்க்கிறேன். இரண்டு முறையும் ஒரே கதைதான். மேலே கூம்பு மாதிரி எழும்பி வெடிக்கிறது. பிட்டுப் பார்த்தால் உள்ளே நீள நீளமாகப் பொந்து, அடியில் ஒரு விரல் கனத்துக்குக் களி. சாப்பிட்டபின் நாக்கில் லேசாகச் சோப்பு வாடை வேறு.

சக்கி ஆட்டா (முழுக் கோதுமை மாவு) 200 கிராம், நன்கு கனிந்த பச்சை வாழைப்பழம் 4, நாட்டுச் சர்க்கரை 100 கிராம், தயிர் அரை கப், எண்ணெய் கால் கப், முட்டை 1, சமையல் சோடா 1 டீஸ்பூன். கட்டி இல்லாமல் பீட்டரில் மூன்று நிமிடம் அடித்தேன். ஓடிஜியில் (சின்ன மின்சார அவனில்) 180 டிகிரி, 25 நிமிடம். ஆறும்வரை அச்சிலேயே விட்டேன்.

சேலம் தம்பி:
அக்கா, மேல் ராடு, கீழ் ராடு இரண்டும் எரிகிறதா? முன்சூடு செய்தீர்களா?

மதுரை மலர்:
இரண்டும் எரிகிறது தம்பி. 10 நிமிடம் முன்சூடு செய்து, நடுத்தட்டில்தான் வைத்தேன்.

கோவை அடுப்படி:
அப்படியென்றால் அடுப்பில் குறை இல்லை மலர். பொந்துக்குக் காரணம் அந்த மூன்று நிமிடம். அவ்வளவு அடித்தால் கோதுமையின் க்ளூட்டன் என்ற பசைப் புரதம் இறுகிவிடும்; சோடா கிளப்பும் வாயு பரவ முடியாமல் மேல்நோக்கிக் குடைந்துகொண்டு போகும். மாவையும் சோடாவையும் தனியாகச் சலித்து, பழக் கலவையில் கொட்டி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை மடித்தால் போதும். உலர்ந்த மாவு கண்ணில் படவில்லையா, நிறுத்திவிடுங்கள். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்.

களிக்குக் காரணம் பழம். ‘4 பழம்’ என்பது நம் ஊரில் ஓர் அளவா? நாலு பூவனும் நாலு பச்சை வாழையும் ஒன்றாகுமா? தோல் உரித்து எடை போடுங்கள். 200 கிராம் ஆட்டாவுக்கு 250 கிராம் பழமே தாராளம். தயிரையும் கால் கப்பாகக் குறையுங்கள்.

சோப்பு வாடை சோடாவால்தான். தயிரிலும் பழத்திலும் உள்ள புளிப்பு அவ்வளவு சோடாவுக்கு ஈடு கொடுக்காது. அரை டீஸ்பூன் சோடா, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுங்கள். அப்புறம், வெந்து 5 நிமிடத்தில் அச்சிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஆற விடுங்கள். அச்சிலேயே இருந்தால் ஆவி அடியில் தங்கி ஈரமாக்கிவிடும்.

சேலம் தம்பி:
பேரீச்சம்பழம் நறுக்கிப் போடுவதாக இருந்தால், ஒரு ஸ்பூன் உலர்ந்த மாவில் புரட்டிப் போடுங்கள் அக்கா. ஒன்றோடொன்று ஒட்டாது, அவ்வளவாக அடியிலும் தங்காது.

மதுரை மலர்:
இன்று மறுபடி செய்தேன். அதே அளவில் 4 பழம் உரித்து நிறுத்தால் 460 கிராம்! கிட்டத்தட்ட இரண்டு பங்கு போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னபடியே 250 கிராம் எடுத்து, கரண்டியால் மடித்து, 22 நிமிடத்தில் எடுத்துவிட்டேன். கலவை கட்டியும் முட்டியுமாக இருந்ததால் அச்சில் ஊற்றும்போது பயமாகவே இருந்தது. இப்போது அடிப்பாகம் உலர்ந்து, காகிதம் சுத்தமாக உரிந்து வருகிறது. சோப்பு வாடையும் இல்லை. மகள் ஒன்றைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டு, “ஓட்டையே இல்லம்மா” என்றாள். கோவை அடுப்படி, தம்பி, இருவருக்கும் மிக்க நன்றி.