உதவி: வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத காரை விற்கணும், கேட்கிற விலை வயிற்றைக் கலக்குகிறது

ஐந்தாம்கியர்

எல்லோருக்கும் வணக்கம். புதிதாக எடுத்த கார், ஒன்பது மாதம் ஆகிறது. ஓட்டம் ஏழாயிரம் கிலோமீட்டருக்குள். ஒரு கீறல் கிடையாது. வேலை மாறியதால் இப்போது ரயிலில்தான் போய்வருகிறேன். வண்டி வாரம் ஒருமுறை வெளியே வந்தாலே பெரிய விஷயம். தவணை மட்டும் மாதம் தவறாமல் போகிறது.

இங்கே பல நாட்டுக்காரர்கள் இருப்பதால் தொகையை எழுதவில்லை. வரி, பதிவு, இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ் எல்லாம் சேர்த்து நான் கொடுத்ததை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வண்டியின் விலை 86. கடன் 80, ஏழு வருடத் தவணை, வட்டி 9 சதவீதம். இன்றைக்குப் பாக்கி 74. ஷோரூமில் கேட்டால் "68 தரலாம் சார்" என்கிறார்கள். அதாவது வண்டியையும் கொடுத்துவிட்டு, கடனை முடிக்க மேலே 6 நான் போட வேண்டும்!

கேள்வி இதுதான். 32 எங்கே போனது? ஒரு வருடம் பொறுத்து விற்றால் இழப்பு குறையுமா? இல்லை, இப்போதே நேரடியாக யாருக்காவது விற்பதா? பாக்கி கடனோடு அப்படி விற்க முடியுமா?

சும்மாதான்

அவசரப்படாதீங்க. முதல் வருடம்தான் விலை பலமா விழும், அப்புறம் மெதுவாத்தான் இறங்கும். அடி வாங்கியாச்சு, இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வித்தா நஷ்டம் தெரியாது. என் சொந்தக்காரர் ஒருத்தர் 2021-ல் வாங்கின விலைக்கே வித்தார்.

பழையவண்டிக்காரன்

தம்பி, நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

32 மொத்தமும் தேய்மானம் இல்லை. முதல் 14 வண்டியே கிடையாது. வரியும் பதிவும் கட்டின அன்றைக்கே போனது. இன்ஷூரன்ஸில் மீதி நாட்களுக்குக் கொஞ்சம் திரும்பி வரலாம், கம்பெனியில் கேளுங்கள். சீட் கவர், அடிப்பூச்சு, குரோம் பட்டை இதற்கெல்லாம் யாரும் காசு தரமாட்டார்கள். சீட் கவரைக் கழற்றிவிட்டுத்தான் காட்டணும். மூடி வைத்திருந்தால் உள்ளே என்னவோ இருக்கிறது என்றுதான் பார்க்கிறவனுக்குத் தோன்றும்.

மீதி 86-லிருந்து 68. இதில் ஷோரூம்காரரின் பங்கு இருக்கிறது. அவர் 68-க்கு எடுத்து, கழுவி, சின்னச் சின்ன வேலை பார்த்து, தன் பெயரில் கொஞ்ச நாள் வாரண்டி கொடுத்து, விற்கும் வரை அந்தப் பணத்துக்கு வட்டியும் கட்டி, 78 அல்லது 79-க்குப் போடுவார். அவரைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை, அவர் கணக்கு அப்படி. நேரடியாக விற்றால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி உங்களுக்கு வரும். 76-க்குப் போகும் என்பது என் யூகம்.

இன்னொன்று. வாங்குகிறவன் நீங்கள் கொடுத்த 100-ஐப் பார்க்க மாட்டான். இன்றைக்குப் புதுசு என்ன விலை, தள்ளுபடி எவ்வளவு என்று பார்ப்பான். அதே மாடலுக்கு இப்போது 5 தள்ளுபடி ஓடினால் அவனுக்குப் புதுசே 95-க்கு வருகிறது. அதிலிருந்து 15, 20 சதவீதமாவது மிச்சம் இல்லாவிட்டால் அவன் ஏன் உங்களிடம் வருகிறான்? புது வண்டி வாங்கிக்கொண்டு போவான். முதலில் ஷோரூமுக்குப் புது வாடிக்கையாளர் மாதிரி போன் போட்டு இன்றைய தள்ளுபடியைக் கேளுங்கள். உங்கள் விலை அங்கிருந்துதான் தொடங்கும்.

மாடல் புதுப்பிப்பு வரப்போகிறது என்று பேச்சு இருந்தால் அதற்கு முன்னால் விற்றுவிடணும். முகப்பும் விளக்கும் மாறிவிட்டால் உங்களுடையது ஒரே நாளில் 'பழைய ஷேப்'.

கணக்குநோட்டு

@சும்மாதான், "மெதுவாத்தான் இறங்கும்" என்பது சரி. ஆனால் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ஏறாது. பொறுத்தால் பழைய இழப்பு குறையாது, அதன்மேல் புதிது சேரும். 2021 தனிக் கதை. சிப் தட்டுப்பாட்டில் புது வண்டி உற்பத்தி முடங்கி, மாதக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்கள் கையில் கிடைத்த வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதை நம்பித் திட்டம் போட முடியாது. எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது: 2023 ஜனவரியில் டெஸ்லா புது வண்டிகளின் விலையை வெட்டியதும் பழைய டெஸ்லாக்களின் விலையும் கூடவே சரிந்தது. ஓட்டியவர்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை.

கேட்டவரின் எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். 80 கடன், 9 சதவீதம், ஏழு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 1.29. ஒன்பது மாதத்தில் கட்டியது 11.6. அசலில் குறைந்தது 6 சொச்சம்தான், மீதி வட்டி. ஆரம்பத்தில் தவணையில் கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போவதால் கடன் மெதுவாகக் கரைகிறது, வண்டி வேகமாகக் கரைகிறது. 74-க்கும் 68-க்கும் நடுவில் விழுந்த பள்ளம் இப்படி வந்ததுதான். உங்களுக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. முன்பணம் குறைவு, தவணைக்காலம் நீளம் என்றால் எந்த வண்டியிலும் இப்படித்தான் ஆகும்.

இனி ஒரு வருடம் வைத்திருந்தால்:

வண்டி 76-லிருந்து 67-க்கு வரும் என்று வையுங்கள் (இரண்டாம் வருடத்தில் 12 சதவீதம் என்று எடுத்தேன்). அது 9. அந்த வருடத்து வட்டி 6. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் 4 என்று வைத்தால் மொத்தம் 19. பெட்ரோல் இதில் சேராது. வாரம் ஒருமுறை எடுக்கிறீர்கள் என்றால் ஒரு தடவைக்கு 0.37 ஆகிறது. உங்கள் 100 எவ்வளவோ, அதில் 0.37 சதவீதம். அந்தத் தொகைக்கு டாக்ஸியில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். முடிவு அங்கே இருக்கிறது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, இதை யோசிக்காமல் விற்க வேண்டாம். ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பவும் கார் தேவைப்படும் என்று தெரிந்தால், மறுபடி புதுசு வாங்கும்போது அந்த 14-ஐ இன்னொரு தடவை கட்டுவீர்கள். முதல் வருடச் சரிவையும் இன்னொரு தடவை வாங்குவீர்கள். அப்போது வைத்திருப்பதே லாபமாக இருக்கலாம்.

ஐந்தாம்கியர்

@கணக்குநோட்டு, இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. டாக்ஸிக் கணக்கு போட்டேன், டாக்ஸிதான் ஜெயிக்கிறது. மூன்று நான்கு வருடத்துக்கு வேலை இங்கேதான், கார் தேவைப்படாது.

மனசுதான் கேட்கமாட்டேன் என்கிறது. 100 கொடுத்த பொருளை 76-க்குக் கொடுப்பதா என்று. 80-க்குக் கீழே இறங்கவே கூடாது என்று வீட்டிலும் சொல்கிறார்கள்.

மூன்றாம்பெஞ்ச்

80 என்பது எங்கிருந்து வந்தது? நீங்கள் வாங்கிய கடன் 80, அவ்வளவுதான். அந்த எண்ணுக்கும் சந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தன் கையில் இருக்கிற பொருளுக்கு மனிதர் தானாகவே விலையை ஏற்றி வைப்பார்கள் என்பதை 1980-லேயே ரிச்சர்ட் தேலர் எழுதிவிட்டார். பிற்பாடு 2017-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். வீட்டில் உள்ளவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இந்த வண்டி இன்றைக்கு நம்மிடம் இல்லை, கையில் 76 பணமாக இருக்கிறது, வாரத்துக்கு ஒருமுறை ஓட்ட இதை வாங்குவோமா? ஆமாம் என்று சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. ஏழாயிரம் கிலோமீட்டரில் இன்ஜின் என்ன தேய்ந்துவிடும்? ஒன்றுமில்லை. அப்புறம் ஏன் இவ்வளவு சரிவு? 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் இதைத்தான் விளக்கினார். வண்டி நல்லதா கெட்டதா என்பது ஓட்டியவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. நல்ல வண்டி என்றால் இவ்வளவு சீக்கிரம் ஏன் விற்கிறான் என்று வாங்குகிறவன் சந்தேகப்படுகிறான், அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைக்கிறான். இந்த வரிசை ஆய்வுக்காக 2001-ல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்ந்து அவருக்கும் நோபல் கிடைத்தது.

ஆக உங்கள் இழப்பில் ஒரு பகுதி சந்தேகத்தின் விலை. காலத்தால் வந்த இழப்பை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. சந்தேகத்தால் வந்ததைக் குறைக்கலாம்.

பகுதிநேரமெக்கானிக்

அதை எப்படிக் குறைப்பது என்று நான் சொல்கிறேன். வாய்ப்பேச்சு வேண்டாம், காகிதமும் வண்டியும் பேசணும்.

விளம்பரத்திலேயே முதல் வரியில் காரணத்தைப் போடுங்கள்: வேலை மாற்றம், வண்டி சும்மா நிற்கிறது. கேட்டால் வேலை மாற்றக் கடிதத்தைக் காட்டுங்கள், சம்பள விவரத்தை மறைத்துவிட்டு. வாங்கின பில், சர்வீஸ் ரசீது, இரண்டாவது சாவி எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். இரண்டாவது சாவி இல்லாத புது வண்டியை நான் சந்தேகமாகத்தான் பார்ப்பேன். கம்பெனி வாரண்டி அடுத்த உரிமையாளருக்கு மாறுமா, எந்தத் தேதி வரை என்று சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்குங்கள். கூடுதல் வாரண்டி எடுத்திருந்தால் அதையும் மாற்றித் தரலாமா, ரத்து செய்தால் மீதிக் காலத்துக்குப் பணம் வருமா என்று பாருங்கள்.

விவரம் தெரிந்தவன் வந்தால் முதலில் டயரைத்தான் பார்ப்பான். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருடத்து 23-ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு டயரும் வண்டியின் வயதோடு ஒத்துப்போனால் அவன் நிம்மதியாவான். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அடுத்த கேள்வி "இந்தப் பக்கம் எங்கே இடிச்சீங்க?" என்பதுதான். பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியோடும் சிலர் வருவார்கள். தாராளமாக விடுங்கள், உங்களுக்குத்தான் நல்லது.

வண்டி நின்றே கிடந்ததால் இரண்டு விஷயம். பிரேக் டிஸ்க்கில் மேலாகத் துரு பிடித்திருக்கும், பேட்டரியும் இறங்கியிருக்கும். ஆள் வருவதற்கு முதல் நாள் அரை மணி நேரம் நல்லா ஓட்டி, பத்திரமான இடத்தில் சில தடவை அழுத்திப் பிரேக் போடுங்கள், துரு தேய்ந்து போய்விடும். டெஸ்ட் டிரைவில் கரகரவென்று சத்தம் வந்தால் அவன் நூறு காரணம் கற்பனை செய்வான். ஆனால் அவன் வருவதற்கு முன்னால் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜினை அவன் கையாலேயே ஸ்டார்ட் செய்யட்டும்.

ஐந்தாம்கியர்

அருமை. டயர் விஷயம் இப்போதுதான் தெரியும், போய்ப் பார்த்தேன், நான்கும் ஒரே வாரம்.

கடன் பாக்கிதான் பயமாக இருக்கிறது. விளம்பரம் போட்டதுமே ஒருவர் கூப்பிட்டு, "கடனை மூட வேண்டாம், வண்டியைக் கொடுங்க, மீதித் தவணையை நானே மாசாமாசம் கட்டிடறேன், கையில 5 தர்றேன்" என்கிறார். நல்ல யோசனையாகத்தானே தெரிகிறது?

வட்டிவாசல்

வேண்டவே வேண்டாம்!! நான் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன், இந்தக் கதையின் முடிவை நிறையப் பார்த்தாயிற்று. கடன் உங்கள் பெயரில், வண்டி அவர் கையில். அவர் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் உங்களுக்கு வரும், கடன் மதிப்பெண் உங்களுடையது விழும். விபத்து நடந்தால் பதிவில் இருக்கும் பெயரும் உங்களுடையதுதான். கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். கடன் கொடுத்தவரின் அனுமதி இல்லாமல் வண்டியைக் கைமாற்றக் கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

சரியான வழி இது. கடன் கொடுத்த இடத்தில் இன்ன தேதி வரை செல்லும் முழு அடைப்புத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். அது உங்கள் அறிக்கையில் தெரியும் பாக்கியைவிடச் சற்று அதிகமாக இருக்கும், நாள் வட்டி சேரும், முன்கூட்டியே மூடுவதற்கான கட்டணம் இருந்தால் அதுவும் சேரும். வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போங்கள். அவர் கடன் பாக்கியை நேராகக் கடன் கணக்கில் கட்டட்டும், மிச்சம் உங்கள் கணக்குக்கு வரட்டும். இதில் அவருக்கும் பயம் இல்லை, உங்களுக்கும் இல்லை. வண்டி மேல் இருக்கும் கடன் பிடிப்பை நீக்கும் கடிதம் எத்தனை நாளில் வரும் என்பதையும் அவர் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் வந்ததற்கு ஸ்க்ரீன்ஷாட் ஆதாரம் இல்லை. உங்கள் கணக்கைத் திறந்து நீங்களே பார்த்த பிறகுதான் சாவி.

ஐந்தாம்கியர்

முடிந்தது. 79 போட்டேன், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் மெக்கானிக்கோடு வந்தார், 75.5-க்கு முடித்தோம். அடைப்புத் தொகை 74.3 வந்தது. கையிலிருந்து 6 போக வேண்டியது, இப்போது கொஞ்சம் மிச்சம். பெயர் மாற்ற விண்ணப்பமும் அன்றே கொடுத்தாயிற்று, இன்ஷூரன்ஸ் ரத்துக்கும் எழுதிவிட்டேன். மெக்கானிக் முதலில் குனிந்து பார்த்தது டயரைத்தான் 😀

வேறு ஏதாவது விட்டுவிட்டேனா?

பகுதிநேரமெக்கானிக்

கார் ஆப்பில் உங்கள் கணக்கு இன்னும் இணைந்திருக்கும், நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் எங்கே போகிறார் என்று உங்கள் போனில் வந்துகொண்டே இருக்கும். டேஷ்கேம் மெமரி கார்டையும் எடுத்தீர்களா?

ஐந்தாம்கியர்

ஆப் நீக்கிவிட்டேன். மெமரி கார்டு... அவருக்கு இப்போதே போன் போடுகிறேன்.