ஸ்போர்ட் மோடு போட்டா ஆயில் சூடு குறையுது, இது சரியா?

நெக்கார்க்கரையான்:
வணக்கம் மக்களே. ஸ்டுட்கார்ட்ல இருக்கேன், போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு 2017 பிஎம்டபிள்யூ எம்240ஐ எடுத்தேன், பி58 இன்ஜின், 8 கியர் ஆட்டோமேட்டிக். இதோட மீட்டர்ல கூலண்ட்டுக்கு (இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி) முள்ளே கிடையாது, ஆயில் சூட்டுக்கு மட்டும்தான் முள்ளு. ஏ81ல தெக்கால சிங்கன் பக்கம் அடிக்கடி போவேன், கம்ஃபர்ட் மோடுல 130ல நிதானமா போனா ஆயில் 105 டிகிரி பக்கம் நிக்குது, சரி கொஞ்சம் விரட்டலாம்னு ஸ்போர்ட்டுக்கு மாத்தினா பத்து நிமிஷத்துல 95க்கு இறங்கிடுது! நான் நினைச்சதுக்கு அப்படியே தலைகீழ். ஆபீஸ்ல ஒருத்தன் "ஸ்போர்ட்னா இன்ஜின் சூடாகத்தான்டா செய்யும், உன் சென்சார் போயிடுச்சு"ன்னு வயித்துல புளியைக் கரைக்கிறான். ஒர்க்‌ஷாப் போய் காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி இங்க கேட்டுக்கலாம்னு வந்தேன்.

ஸ்பானர்சாமி:
தம்பி, சென்சார் நல்லாத்தான் இருக்கு, உன் ஃப்ரெண்டைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு.
கூலண்ட் எத்தனை டிகிரில இருக்கணும்னு இந்த வண்டிகள்ல இசியுதான், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும், ஒரே நம்பர்னு கிடையாது. 2004 வாக்குல வந்த பிஎம்டபிள்யூ என்52 இன்ஜின்லயே இந்த ஏற்பாடு உண்டு, எகோல 112, சாதாரணமா 105, லோடு ஏறினா 95, அதுக்கும் மேல போனா இன்னும் கீழ. உன் இன்ஜினுக்கு நம்பர் வேற, ஆனா யோசனை அதேதான். ரேடியேட்டருக்குப் போற கூலண்ட்டைத் திறந்து மூடுற வால்வுதான் தெர்மோஸ்டாட், அது உள்ள மெழுகு இருக்கும்ல, அதுக்குள்ள ஒரு குட்டி ஹீட்டர் வச்சிருப்பாங்க. இசியு கரண்ட் கொடுத்தா மெழுகு சீக்கிரமே உருகி வால்வு திறந்துடும், ரேடியேட்டருக்குத் தண்ணி பாயும். இன்ஜினைக் குளிர வைக்க மெழுகைச் சூடு பண்றானுங்க, எவன் யோசிச்சானோ 😄
எதுக்கு இதெல்லாம்னா, மெதுவா போகும்போது இன்ஜின் சூடா இருந்தா ஆயில் இளகி உராய்வு குறையும், பெட்ரோல் மிச்சம். ஆனா நீ ஸ்போர்ட் போட்டா எப்போ வேணா மிதிப்பன்னு அதுக்குத் தெரியும், மிதிக்கும்போது சிலிண்டர் ஹெட் சூடா இருந்தா நாக்கிங் வரும் (பெட்ரோல் தானா தப்பான நேரத்துல வெடிக்கிறது), இக்னிஷனைப் பின்னாடி இழுக்கணும், அதாவது ஸ்பார்க்கைத் தாமதமாக்கணும், பவர் போச்சு. அதான் முன்கூட்டியே குளிர வச்சுக்குது. உன் இன்ஜின்ல ஆயில் கூலரே கூலண்ட்டோட சேர்ந்ததுதான், அதனால கூலண்ட் இறங்கினா ஆயிலும் பின்னாடியே இறங்கும், கொஞ்சம் லேட்டா.

எண்ணெய்ச்சட்டி:
சாமி அண்ணன் சொன்னது சரி ஆனா பாதிதான். மோடு மாத்தினா தெர்மோஸ்டாட் மட்டுமா மாறுது, கியரும் மாறுதுல்ல. லிவரை இடது பக்கம் தள்ளி எஸ்ல போட்டீங்கன்னா 8க்குப் போகாம கீழ் கியர்லயே பிடிச்சு வைக்கும். ஆயிலைச் சூடாக்குறது பெரும்பாலும் ஆர்பிஎம்தான், பேரிங்ல ஆயில் படலம் அரைபடுற வேகம் ஏற ஏற சூடும் ஏறும், பிஸ்டன் அடியில பீச்சுற ஆயிலும் வெப்பத்தை அள்ளிட்டு வரும். அப்போ ஒரு பக்கம் தெர்மோஸ்டாட் இறக்கும், இன்னொரு பக்கம் ஆர்பிஎம் ஏத்தும், எது ஜெயிக்குதுன்னு நீங்க ஓட்டுறதைப் பொறுத்தது. ஒரே கியர்ல பூட்டி வச்சு ரெண்டு மோடுலயும் ஓட்டிப் பாருங்க, அதுதான் நியாயமான டெஸ்ட்.
இன்னொண்ணு, 105ஐப் பார்த்து யாரும் பயப்பட வேணாம். ஆயில் டப்பாவுல 0டபிள்யூ-30னு கெட்டித்தன்மை போட்டிருக்கும்ல, அந்த 30ங்கிற நம்பரே 100 டிகிரில அளந்ததுதான், அதுக்கு மேல 150 டிகிரில வேற ஒரு டெஸ்ட் இருக்கு. பயப்பட வேண்டியது 50 டிகிரிக்கு. கூலண்ட் அஞ்சாறு நிமிஷத்துல சூடாயிடும், ஆயிலுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், டிசம்பர்ல இன்னும் கூட. வீட்டு வாசல்லயே ஸ்போர்ட் போட்டுட்டுக் கிளம்புறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். பழைய பிஎம்டபிள்யூ இ46 எம்3ல ஆர்பிஎம் மீட்டர் ஓரமா ஆரஞ்சு லைட் எரியும், ஆயில் சூடாக ஆக ஒண்ணொண்ணா அணையும், எல்லாம் அணைஞ்சாத்தான் முழு ஆர்பிஎம். அதை எல்லா வண்டியிலயும் வச்சிருக்கலாம்.

பச்சைநரகம்:
ரோட்டுக்கு இதெல்லாம் சரி. நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக் பக்கம் வந்துடாதீங்க, அங்க மோடு எல்லாம் சும்மா. அங்க நார்ட்ஷ்லைஃபங்கிற சுத்து 20.8 கிலோமீட்டர், கெசல்ஹென் ஏத்தத்துல ஆக்ஸிலரேட்டரை எடுக்கவே மாட்டோம், தெர்மோஸ்டாட் ஏற்கனவே முழுசா திறந்திருக்கும், அதுக்கு மேல அதால என்ன பண்ண முடியும். ஒரு ஃப்ரெண்டோட பழைய டர்போ வண்டி, பேரு வேணாம், பாதி சுத்துலயே பவரைக் குறைச்சுடுச்சு, நொண்டிக்கிட்டு வந்தோம், பின்னாடி வந்தவன் எல்லாம் லைட் அடிச்சுட்டுப் போறான். பெரிய ஆயில் கூலர் போட்ட அப்புறம்தான் சரியாச்சு.
டூரிஸ்ட் நாள்ல (யார் வேணா சொந்த வண்டியை ஓட்டலாம்) ஒவ்வொரு சுத்துக்கும் வெளிய பார்க்கிங் வழியா வரணும்ல, அங்கயே டக்குனு நிறுத்தி ஆஃப் பண்றாங்க பாருங்க, தப்பு. கடைசி ரெண்டு கிலோமீட்டரை மெதுவா ஓட்டுங்க, இல்லைன்னா டர்போக்குள்ள நிக்கிற ஆயில் கருகிப் படியும்.

நெக்கார்க்கரையான்:
எல்லாருக்கும் நன்றி. எண்ணெய்ச்சட்டி சொன்ன டெஸ்ட்டை ஞாயித்துக்கிழமை பண்ணிட்டேன், வெளிய 8 டிகிரி, ஓபிடி டாங்கிள் (வண்டி சென்சார் அளவுகளைப் போனுக்கு அனுப்புற குட்டிக் கருவி) மாட்டி போன்ல பார்த்தேன் (பார்த்தது நான் இல்ல, பக்கத்துல வீட்டம்மா, திட்டிக்கிட்டே குறிச்சாங்க). 7வது கியர்ல பூட்டி 130ல இருபது இருபது நிமிஷம். கம்ஃபர்ட்ல கூலண்ட் 103, ஆயில் 106. ஸ்போர்ட்ல கூலண்ட் 91, ஆயில் 97. அப்புறம் ஸ்போர்ட்லயே 5வது கியர், 4000 ஆர்பிஎம் பக்கம், அதே 130, ஆயில் 104க்கு ஏறிடுச்சு, கூலண்ட் 92ஐத் தாண்டல.

ஆபீஸ் காரன்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் காட்டினேன், "டாங்கிள் போயிருக்கும்"ங்கிறான்.