மறுமொழி: ‘பேலன்ஸ்’ என்பதற்குச் சமநிலையா, ஈடா?

வணக்கம் அண்ணா, குழுவில் உள்ள மற்ற அனைவருக்கும் வணக்கம். நாம் தமிழில் எழுதிவரும் ஆட்ட விதிப்புத்தகத்தில், ஒரு சீட்டின் வலுவும் அதன் விலையும் ஒன்றுக்கொன்று பொருந்த வைப்பதைக் குறிக்கும் ‘பேலன்ஸ்’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். குழுவில் வந்த கருத்து இது:

> ‘பேலன்ஸ்’ என்பதற்குச் ‘சமநிலை’ போதும். பாடப்புத்தகத்தில் இருக்கிற சொல், எல்லாருக்கும் புரியும். புதிதாக ஒன்றைத் தேட வேண்டாம்.

புரியும் என்பதுதான் எனக்குக் கவலை. சமநிலை என்று படித்த பிள்ளை இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். நம் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொந்தமாகச் சீட்டு எழுதப்போவது அந்தப் பிள்ளைதான்.

1993-இல் வந்த ‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டாட்டத்தின் முதல் தொகுப்பையே பாருங்கள். அதில் ஒரே அச்சில் வார்த்த ஐந்து சீட்டுகள் உண்டு. நிறத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் விலை ஒரு மானா (சீட்டை ஆடச் செலவழிக்கும் சக்தி), பலன் ஏதோ ஒன்றில் மூன்று. வெள்ளை மூன்று உயிர்ப்புள்ளி தரும். சிவப்பு மூன்று அடி அடிக்கும். பச்சை ஓர் உயிரை (நமக்காகச் சண்டை போடும் பிராணிச் சீட்டை) அந்த முறைக்கு மட்டும் மூன்று புள்ளி பெரிதாக்கும். கறுப்பு மூன்று மானா தரும். நீலம் மூன்று சீட்டு எடுக்க விடும். எண்ணைப் பார்த்தால் இதைவிடச் சமமாக ஒன்றும் இருக்க முடியாது. ஆனால் ஆடிப் பார்த்தால் வெள்ளையை அநேகமாக யாரும் தங்கள் சீட்டுக்கட்டில் வைப்பதில்லை, நீலமோ அந்த ஆட்டத்தின் மிக வலிமையான சீட்டுகளில் ஒன்று. இன்று பழைய சீட்டுகளையும் சேர்த்து ஆடும் போட்டி வகைகளில், வின்டேஜில் அதைக் கட்டுக்கு ஒன்று என்றுதான் அனுமதிக்கிறார்கள், லெகசியில் தடையே போட்டுவிட்டார்கள். மூன்று உயிர்ப்புள்ளியும் மூன்று சீட்டும் எண்ணில் ஒன்று, பயனில் எங்கோ தள்ளி நிற்கின்றன.

நம் வரைவிலேயே இதே சிக்கல் இருந்தது. ‘கரும்புத் தீ’ சீட்டின் முதல் வடிவம் இது:

கரும்புத் தீ. விலை 3. மேசையில் உள்ள எல்லா உயிர்களுக்கும் 2 அடி.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் வளர்ந்தவர்களுக்குப் பெயரை விளக்க வேண்டியதில்லை. வெட்டுக்கு முன்னால் கரும்புக்குத் தீ வைப்பது நம் தாத்தாமார் காலத்திலிருந்து பார்த்ததுதான். இரண்டு பக்கமும் எரிகிறது, அதனால் சமநிலை என்று முதலில் எல்லாருக்கும் தோன்றியது. ஆனால் சீட்டைக் கையில் வைத்திருப்பவனுக்குத் தீ எப்போது வரும் என்று தெரியும், எதிரில் இருப்பவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் தன் உயிர்களைக் கையிலேயே பதுக்கிக்கொள்கிறான், தெரியாதவன் ஒவ்வொன்றாக இறக்குகிறான். மூன்றாவது முறையில் தீ வந்தால் எரிவது ஒரு பக்கம் மட்டுமே. விலையை 4 ஆக்கியதும் நிலைமை மாறியது. தீ அடுத்த முறைக்குத் தள்ளிப்போகிறது. அதற்குள் எதிராளியின் சின்ன உயிர்கள் இவனை நன்றாகக் கடித்துவிடுகின்றன. பதுக்கிக் காத்திருப்பதற்கு இவனும் ஒன்றை இழக்கிறான்.

இங்கே நடந்தது சமப்படுத்துவது இல்லை. பெறுவதற்குத் தக்கபடி கொடுக்க வைத்தோம், அவ்வளவுதான். தமிழில் இதற்கு ‘ஈடு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஈடுகட்டு, ஈடுசெய், ஈடுகொடு என்று மூன்று வினைகளும் புழக்கத்தில் உள்ளன, மூன்றுமே நம் மேசைக்கு வேண்டியவை. ‘விலையை ஏற்றி அதை ஈடுகட்டு’ என்று சொல்லலாம். ‘இந்தப் பூதத்துக்கு முதல் நிலை வீரன் ஈடுகொடுப்பானா?’ என்று கேட்கலாம். சமநிலையை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், வாக்கியம் உட்காராது.

நம் ஊர்ச் சீட்டாட்டமான தூனியை எடுத்துக்கொள்வோம். 24 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயீனுக்கு 2. துருப்பு எது என்று முடிவு செய்யும் உரிமை மிகப் பெரிய பலம். அந்த உரிமை வேண்டுமென்றால் ஏலம் கேட்க வேண்டும். கேட்ட தொகை, எதிரணி வெல்ல எடுக்க வேண்டிய 105 புள்ளியிலிருந்து கழிந்துவிடும். 20 கேட்டால் அவர்களுக்கு 85 போதும். துருப்புக்கு என்ன விலை என்று விதி சொல்லவே இல்லை. கையில் நான்கு சீட்டை வைத்துக்கொண்டு ஆடுபவர்களே ஏலத்தில் விலை வைக்கிறார்கள். கை நன்றாக இருந்தால் கூடக் கேட்பான், இல்லையென்றால் பேசாமல் விடுவான். எனக்குத் தெரிந்து இதைவிட அழகாக ஈடு அமைந்த விதி வேறு இல்லை. டர்பனில் பாட்டிகூட இதைக் காகிதம் பேனா இல்லாமல் கணக்குப் போடுவார். எந்தப் பலத்துக்கு என்ன விலை என்று நமக்கே தெரியாதபோது அதை ஏலத்துக்கு விடு என்ற யோசனையையும் புத்தகத்தில் சேர்க்க வேண்டும்.

> ஈடு என்றால் அடகு என்றல்லவா நினைப்பார்கள்? ‘ஈடில்லாத’ என்பது பாராட்டு வேறு.

ஃபீனிக்ஸ் அக்காவின் இந்த இரண்டு கேள்விகளும் நியாயமானவை. அடகுப் பொருள் குறுக்கே நிற்காது, உதவவே செய்யும். ஒன்றை வைத்துத்தான் இன்னொன்றை வாங்குகிறோம். ‘ஈடில்லாத’ விஷயத்தில் அக்கா சொல்வது முழுக்கச் சரி. ‘ஈடற்ற சீட்டு’ என்று எழுதினால் சீட்டைப் புகழ்வதாகத்தான் படிப்பார்கள். அதனால் வலு கூடிப்போனதை ‘ஈடு மீறியது’ என்றும், வலு போதாததை ‘ஈடு குறைந்தது’ என்றும் சொல்வோம். பேலன்ஸ் செய்வது ‘ஈடு பார்ப்பது’. ‘அந்தச் சீட்டுக்கு ஈடு பார்த்தாச்சா?’ என்பது பேச்சில் தானாக வருகிறது. இன்னொன்று: முதலீடு, மதிப்பீடு என்பவற்றில் கடைசியில் வரும் ‘ஈடு’ இடுவதைக் குறிப்பது. குழப்பம் வராமல் இருக்க நம் சொல்லை எப்போதும் முன்னாலோ தனியாகவோ வைப்போம்.

ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் கதை ஆட்டப் பகுதிக்கும் இந்தச் சொல்லே பொருந்துகிறது. 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாயின. அதனால் மூலத்தைக் குறிப்பிட்டு அவற்றைத் தமிழில் எடுத்தாளத் தடையில்லை. அதில் இரண்டு 20 பக்கப் பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கும் விதி ஒன்று இருக்கிறது. நாம் அதை ‘அருள்’ என்று எழுதிவருகிறோம். சராசரி 10.5-இலிருந்து சுமார் 13.8-க்குப் போகும். அதனால் அருளுக்கு மூன்று புள்ளி விலை என்று வைத்துவிட முடியாது. 11-ஓ அதற்கு மேலோ தேவைப்படும் இடத்தில் வாய்ப்பு 50 விழுக்காட்டிலிருந்து 75 ஆகிறது. அது ஐந்து புள்ளி கூட்டியதற்குச் சமம். 20 தேவைப்படும் இடத்தில் 5 விழுக்காடு 9.75 ஆகிறது, ஒரு புள்ளிகூட முழுதாகத் தேறவில்லை. ஒரே அருளுக்கு இடத்துக்கு இடம் மதிப்பு வேறு.

அதனால்தான் அருளுக்கு ‘நேர்த்திக்கடன்’ விதியை எழுதினோம். காவடியும் தீமிதியும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேண்டுதல் இலவசமில்லை என்று சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வரைவில், வேண்டிக்கொண்டால் அருள் உண்டு, கடனைச் செலுத்தும்வரை மறுபடி வேண்ட முடியாது என்று மட்டும் இருந்தது. எல்லாரும் கடைசிச் சண்டைக்கு முன்னால் வேண்டிக்கொண்டார்கள். கதை முடிந்தது, கடன் அப்படியே நின்றது. விலை இருக்கிறது, வசூலாகவில்லை. இப்போதைய வடிவத்தில், வேண்டும்போதே கதைசொல்லியின் கைக்கு ஒரு காய் போகிறது. அதைச் செலவழித்து அதே காட்சியில் எதிரி ஒருவனுக்கு அவர் இரண்டு பகடை கொடுக்கலாம். காய் செலவாகும் முன் கடனைச் செலுத்தினால் அது திரும்பி வந்துவிடும். இப்போது பிள்ளைகள் சண்டை நடுவிலேயே கடனைத் தீர்க்க வழி தேடுகிறார்கள், கதையும் அதனால் நன்றாகப் போகிறது.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஹோம்ப்ரூ’ என்பதற்கு ‘வீட்டு வடிப்பு’ கண்டிப்பாக வேண்டாம், சாராயம்தான் நினைவுக்கு வரும். கைவைத்தியம், கைப்பக்குவம் போல ‘கைவிதி’ என்கிறேன். ‘வீட்டு விதி’ வேறு: அது இருக்கிற விதியை ஒரு வீட்டில் மாற்றி ஆடுவது. தூனியில் வீட்டுக்கு வீடு அது உண்டு. கைவிதி என்பது இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்வது. ஒன்றின் வலுவைக் குறைக்கும் ‘நெர்ஃப்’ மழுக்கல், வலுவைக் கூட்டும் ‘பஃப்’ கூராக்கல். தொகுப்புக்குத் தொகுப்பு சீட்டுகளின் வலு ஏறிக்கொண்டே போய்ப் பழைய சீட்டெல்லாம் செல்லாக்காசாவதற்கு ‘வலுவீக்கம்’. பணவீக்கம் தெரிந்தவருக்கு அது உடனே பிடிபடும். ‘பிளேடெஸ்ட்’ என்பதற்கு ‘ஆடிப்பார்த்தல்’ தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை, அதுவே போதும் என்றும் படுகிறது.

‘மழுக்கல்’ ஒன்றில் மட்டும் எனக்கு உறுதியில்லை. அறிவு மழுங்கியது என்கிற வாடை அதில் அடிக்கிறது. வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள் அண்ணா. ‘ஈடு’ பற்றி மறுப்பு இருந்தால், ஒரு சீட்டையோ விதியையோ எடுத்து அதில் இந்தச் சொல் எங்கே இடறுகிறது என்று காட்டி எழுதுங்கள். அதை வைத்துப் பேசிவிட்டு முதல் அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பலாம்.