உதவி: ஈஎஸ்பி32 தொட்டி மட்டம் 4095-லேயே நிக்குது, அவசரம்

பள்ளத்தூர்_பையன்:
வணக்கம். ஊர்ல அப்பத்தா வீட்டு மாடித் தொட்டிக்கு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு) வச்சு தண்ணி மட்டம் பார்க்கிற செட்டப் ஒண்ணு செஞ்சேன். சென்னையில மேஜை மேல பக்கெட் வச்சுப் பார்த்தப்ப அருமையா வேலை செஞ்சுது. இங்க வந்து மாட்டினா 4095-ஐ, அதாவது அது காட்டுற உச்ச நம்பரை, விட்டு நகர மாட்டேங்குது. தொட்டி காலின்னாலும் அதே, நிறைஞ்சாலும் அதே. போர்டை மாத்தியாச்சு, வயரையும் மாத்தியாச்சு. அப்பத்தாவால மாடி ஏற முடியாது. மோட்டாரைப் போட்டுட்டு மறந்தாங்கன்னா முற்றம் முழுக்கத் தண்ணி. ஞாயிறு காலை பல்லவன்ல கிளம்பணும், யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

சாலிடர்_புகை:
என்ன சென்சார்? எந்தப் பின்? பவர் எங்கிருந்து வருது? புரோகிராம் கோடு எங்கே? இதுல ஒண்ணுகூடச் சொல்லலியே நண்பா.

தேவகோட்டை_வயரிங்:
பவர்தான், வேற ஒண்ணுமில்ல. நம்ம பக்கத்துப் பெரிய வீடுகள்ல வயரிங் அந்தக் காலத்துது, எர்த் சரியா இருக்கிற வீட்டை நான் பார்த்ததே கம்மி. மோட்டார் ஓடுறப்ப வோல்டேஜ் படுத்துடும். நல்ல 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் போட்டு, போர்டு பக்கத்துலயே ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்க. அப்படியே எர்த்தையும் பார்த்துடுங்க, அப்பத்தா தனியா இருக்கிற வீடு.

மூத்த_மின்னணு:
தம்பி, 'வேலை செய்யவில்லை' என்பது ஒரு கேள்வியே அல்ல. சர்க்யூட் படம் இல்லை, பாகங்களின் பெயர் இல்லை, டேட்டாஷீட்டைத் திறந்த அடையாளமும் இல்லை. இங்கே பல வருடமாக இதையேதான் சொல்லி வருகிறேன். முதலில் படியுங்கள், பிறகு கேளுங்கள்.

ஊரணிக்கரை:
தாழ்வாரத்துல பிடிச்ச மழைத்தண்ணிய தொட்டிக்கு ஏத்துறீங்களா? தண்ணிக்குள்ள கம்பி விட்டு மட்டம் பார்க்கிற வகைன்னா அது முக்கியம். மழைத்தண்ணியில உப்பு ரொம்பக் கம்மி, அதனால கரண்டும் கம்மியாத்தான் கடத்தும். சென்னையில நீங்க பார்த்தது போர் தண்ணியா இருக்கும். ரெண்டுக்கும் ரீடிங் எக்கச்சக்கமா மாறும்.

பள்ளத்தூர்_பையன்:
சென்சார்னு தனியா இல்ல. நாலு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட், மட்டத்துக்குத் தகுந்த மாதிரி வோல்டேஜை மாத்துற ரெசிஸ்டர் ஏணி, எல்லாம் சேர்ந்து ஒரே அனலாக் பின்னுக்கு வருது. மாடியில இருந்து முகப்புக்கு வயர் 60 அடி இருக்கும். பவர் போன் சார்ஜர். தண்ணி இங்கயும் போர் தண்ணிதான் அண்ணே.

தேவகோட்டை_வயரிங்:
போன் சார்ஜர்! நான் அப்பவே சொன்னேன்ல.

சாலிடர்_புகை:
சார்ஜர் தள்ளாடினா போர்டு ரீசெட் ஆகும், சீரியல் மானிட்டர்ல, அதாவது போர்டு கம்ப்யூட்டருக்கு அனுப்புற செய்தியில, பிரவுன்அவுட்னு (வோல்டேஜ் போதலேன்னு) வரும். விடாம ஓடிக்கிட்டே ஒரே நம்பரைக் காட்டுறது வேற கேஸ்.

அரிமானம்:
எஸ்எஸ் போல்ட்டுன்னு பார்த்ததும் எழுத வந்தேன். தம்பி, அந்தப் போல்ட்டுல 3.3 வோல்ட் டிசி எந்நேரமும் நிக்குதா? தண்ணியை மின்னாற்பகுக்க, அதாவது கரண்டால பிரிக்க, 1.23 வோல்ட்டே கோட்பாட்டளவில் போதும். நீங்க அதுக்கு மேலதான் கொடுக்கிறீங்க. பாசிட்டிவ் பக்கத்துப் போல்ட் கரையும், அதுவும் போர் தண்ணியில குளோரைடு இருந்தா குழி குழியா அரிக்கும். இரும்போட நிக்கலும் குரோமியமும் தண்ணியில இறங்கும். சமையலுக்கும் அந்தத் தொட்டித் தண்ணிதானா? அரிமானத்துக்குன்னே (உலோக அரிப்புக்குன்னே) காரைக்குடி செக்ரியில, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துல, தனிப் பிரிவு இருக்கு, கடல் அரிமானம் பார்க்க மண்டபத்துல நிலையம் வச்சிருக்காங்க. காரைக்குடிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு போல்ட்டுக்கு டிசி கொடுக்கலாமா?

மிதவை_போதும்:
அதான் அல்ட்ராசோனிக் (ஒலி அனுப்பி எதிரொலியை வச்சு தூரம் பார்க்கிற சென்சார்) போடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாட்டர்ப்ரூஃப். தண்ணியைத் தொடாது, அரிப்புங்கிற பேச்சே இல்ல.

அரிமானம்:
அதுக்குக் கிட்டத்துல 20 சென்டிமீட்டருக்குக் கண் தெரியாது. தொட்டி நிறையறப்பதான் மட்டம் சரியா தெரியணும், அங்கதான் அது குருடு. மூடிக்குக் கீழ ஆவி படிஞ்சு சொட்டு நின்னாலும் ரீடிங் தாவும்.

மிதவை_போதும்:
மூடிக்கு மேல ஒரு குழாய்த்துண்டு வச்சு ஒசத்தி மாட்டினா கண் தெரியாத தூரம் குழாயிலேயே கழிஞ்சிடும். எங்க வீட்டுல அப்படித்தான் ஓடுது.

ஊரணிக்கரை:
குழாய்ச் சுவர்ல பட்டும் எதிரொலி வருமே. அகலமான குழாய் இல்லேன்னா அதுவும் சரிவராது. எதைப் போட்டாலும் சரி, முகப்புச் சுவர்ல டிரில் வைக்காதீங்க தம்பி. அந்த முட்டைவெள்ளைப் பூச்சு ஒருதடவை பேர்ந்தா திரும்பப் பூச ஆள் தேடணும்.

மின்மினி:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. பள்ளத்தூர் தம்பி, ரெண்டே கேள்வி. சென்னையில மேஜை மேல பார்த்தப்ப கோடுல வைஃபை இருந்துச்சா? அனலாக் பின் எந்த நம்பர்?

பள்ளத்தூர்_பையன்:
அப்ப இல்ல. யுஎஸ்பி போட்டு சீரியல் மானிட்டர்லதான் பார்த்தேன். போனுக்கு அனுப்பணும்னு இங்க வந்துதான் வைஃபை சேர்த்தேன். பின் 25.

மின்மினி:
அதான் விஷயம். போர்டு, வயர், தண்ணி எதுலயும் குறை இல்ல. ஈஎஸ்பி32-க்குள்ள ரெண்டு ஏடிசி (அனலாக் வோல்டேஜை நம்பரா மாத்துற பகுதி) இருக்கு. ஏடிசி2-ஐ வைஃபையும் பயன்படுத்துது. வைஃபை ஓடுறப்ப அந்தப் பக்கத்துப் பின்ல அனலாக் படிச்சா உண்மையான மதிப்பு வராது. 4095-லேயே நிக்கிறது அடிக்கடி பார்க்கிறதுதான். 0, 2, 4, 12 முதல் 15 வரை, 25, 26, 27 எல்லாம் ஏடிசி2. உங்க 25 அதுல மாட்டிக்கிச்சு. ஏடிசி1-ல 32, 33, 34, 35, 36, 39 இருக்கு. வைஃபை ஓடினாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது. 25-ல இருக்கிற வயரைக் கழட்டி 34-ல போடுங்க, கோடுலயும் நம்பரை மாத்துங்க. 34-லயிருந்து மேல உள்ள பின்கள் உள்ளே வாங்க மட்டும்தான், உள்ளுக்குள்ள புல்டவுன் (எதுவும் வராதப்ப பின்னை 0-வுக்கு இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்) கிடையாது. உங்க ஏணியோட கீழ்ப்பக்க ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போகுதான்னு பார்த்துக்குங்க. போகலேன்னா தொட்டி காலியா இருக்கிறப்ப நம்பர் ஆடிக்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு. 3.3 வோல்ட்டை நெருங்குறப்ப இந்த ஏடிசி நேர்கோட்டுல போகாது. தொட்டி நிறைஞ்சப்ப 2.4 வோல்ட்டுக்குள்ள வர மாதிரி ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுத்தா மேல்மட்டம் தெளிவாப் பிரியும்.

மூத்த_மின்னணு:
இதெல்லாம் உற்பத்தியாளர் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் முதல் பதிலிலேயே சொன்னதுதான்.

சாலிடர்_புகை:
ஐயா, நீங்க சொன்னது படிக்கச் சொல்லித்தான். பக்கெட்டுல வேலை செஞ்ச ஒண்ணு வீட்டுல செய்யலேன்னா வயரைத்தான் எவனும் முதல்ல பார்ப்பான். ஏடிசி பக்கத்தைத் திறக்கணும்னு அவருக்கு எப்படித் தோணும்? மின்மினி கேட்ட மாதிரி ரெண்டு கேள்வி கேட்டாப் போதும்.

மூத்த_மின்னணு:
பின் நம்பரை முதலிலேயே எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கே அவசியம் இருந்திருக்காது.

பள்ளத்தூர்_பையன்:
34-க்கு மாத்தியாச்சு. நம்பர் அசையுது, நாலு மட்டமும் தனித்தனியா வருது. மின்மினி அண்ணே, ரொம்ப நன்றி. எல்லாருக்கும் நன்றி. பெட்டி கட்டணும், வரேன்.

அரிமானம்:
தம்பி, கிளம்புறதுக்கு முன்னாடி இதையும் செஞ்சுடுங்க. போல்ட்டுக்குப் போற 3.3 வோல்ட்டை நேரா எடுக்காம ஒரு அவுட்புட் பின் வழியா விடுங்க. படிக்கிற சில மில்லிசெகண்ட் மட்டும் ஆன், மற்ற நேரம் ஆஃப். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை படிச்சாலே தொட்டிக்குப் போதும், மோட்டார் ஓடுறப்ப மட்டும் அடிக்கடி படிக்கட்டும். ரெண்டு அவுட்புட் பின் வச்சு ஒவ்வொரு தடவையும் திசையை மாத்திக் கொடுத்தா இன்னும் நல்லது, ஒரே போல்ட் கரையாது. கோடுல நாலஞ்சு வரிதான். சமையல் தண்ணின்னா இதை அடுத்த தடவைக்குத் தள்ளிப் போடாதீங்க.

மிதவை_போதும்:
இல்லேன்னா குழாய் வச்சு அல்ட்ராசோனிக்.

அரிமானம்:
தம்பி, பார்த்தீங்களா?